மட்கார்டு கழற்றாத 1930 மாடல் ஏ: முன் ஆக்ஸிலை எவ்வளவு இறக்கலாம்?

ஒஹாயோ_கூப்பே எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு பண்ணைக் கொட்டகையில் பல வருஷம் தூங்கிக்கிடந்த 1930 ஃபோர்டு மாடல் ஏ கூப்பே ஒன்றை வாங்கியிருக்கிறேன். நாலு மட்கார்டும் அசல் தகடு. துரு அரிக்கவில்லை, ஒட்டுப் போட்ட தடமும் இல்லை. பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் "மட்கார்டைக் கழற்றிப் போட்டால்தான் ஹாட் ராட்" (வேகத்துக்கும் தோற்றத்துக்கும் மாற்றிய பழைய கார்) என்கிறார்கள். 96 வருஷம் தாங்கிய தகட்டைக் கழற்றிச் சுவரில் சாத்தி வைக்க எனக்கு மனசு வரவில்லை. அது வண்டியிலேயே இருக்கும், அதில் மாற்றமில்லை.

எஞ்சின் 1948 ஃபிளாட்ஹெட் வி8, 239 கன அங்குலம். பிரேக் அதே காலத்து ஃபோர்டு ஹைட்ராலிக் டிரம். ஸ்டீயரிங் பெட்டி பழைய எஃப்-1 பிக்கப்பில் இருந்து எடுத்தது. முன் சக்கரம் 16 அங்குல ஸ்டீல், டயர் 5.50-16.

மூக்கு ரொம்பத் தூக்கலாக நிற்கிறது. இரு முனையும் மேலே வளைந்த டிராப் ஆக்ஸில் போட்டு இறக்க வேண்டும். கடையில் கேட்டால் "4 அங்குல டிராப் ஆக்ஸில் வாங்குங்க, எல்லாரும் அதுதான் போடுறாங்க" என்கிறார்கள். என் கையில் அசல் மாடல் ஏ ஆக்ஸில் இருக்கிறது, அதைச் சூடேற்றி வளைத்துத் தரவும் ஆள் உண்டு. குழாய் ஆக்ஸில் போடு என்று ஒருவர் சொல்கிறார். மட்கார்டு இருக்கும் வண்டிக்கு எது பொருந்தும்? பணம் போடும் முன் கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

---

சான்ஹோசே_ஃபிளாட்ஹெட் எழுதியது:

நல்ல முடிவு. எங்கள் கலிஃபோர்னியாவில் எடை 1,500 பவுண்டுக்கு மேல் உள்ள வண்டிக்குச் சக்கரத்தை மூடும் மட்கார்டு சட்டப்படியே வேண்டும். ஆனாலும் தெருவில் பாதி வண்டி மொட்டையாகத்தான் ஓடுகிறது!

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். "4 அங்குலம்" என்ற எண்ணை நம்பி வாங்காதீர்கள். அசல் ஆக்ஸிலை வளைப்பவர் 3 அங்குலம் என்றால், அசலில் இருந்ததை விட 3 அங்குலம் கூடுதலாக என்று பொருள். புதிதாக வார்த்து விற்பவர்கள் பலர் அப்படி அளப்பதில்லை. கிங் பின் (சக்கரம் திரும்பும் அச்சாணி) துளையின் நடுவிலிருந்து பீமின் (ஆக்ஸிலின் நடுச்சட்டம்) நடுவரை அளந்து 4 என்று எழுதிவிடுகிறார்கள். அசல் ஆக்ஸிலிலேயே அந்த இறக்கம் கொஞ்சம் இருக்கிறது, ஆகவே கடைக்காரரின் 4 உங்கள் வண்டியை 4 அங்குலம் இறக்காது. நான் இதில் சூடு பட்டவன். முதல் ஆக்ஸிலை வாங்கிப் பூட்டியபோது மூக்கு நினைத்ததில் பாதிதான் இறங்கியது. திருப்பி எடுக்கமாட்டோம் என்றுவிட்டார்கள். அதனால் "அசலோடு ஒப்பிட்டால் வண்டி எவ்வளவு இறங்கும்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டாம்.

அடுத்தது, மட்கார்டு உள்ளவர்கள் மட்டும் யோசிக்க வேண்டியது. மூக்கை இறக்க இரண்டு வழி உண்டு. கமான் (வில் ஸ்பிரிங்) பட்டையைத் தாழ்த்துவது ஒன்று, அதாவது பட்டையைக் குறைப்பது, அல்லது முதல் பட்டையின் கண்ணைத் தலைகீழாகச் சுருட்டிப் போடுவது. இன்னொன்று டிராப் ஆக்ஸில். பட்டையைத் தாழ்த்தினால் சேஸுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் உள்ள இடைவெளி குறையும், ஒவ்வொரு குழியிலும் இடிக்கும். டிராப் ஆக்ஸில் அந்த இடைவெளியைத் தொடாது, சக்கரத்தை மட்டும் மேலே தூக்கும். மொட்டை வண்டிக்காரனுக்கு இது இனாமாகக் கிடைத்த இறக்கம். உங்களுக்கு அப்படியில்லை. மட்கார்டு சேஸில் பூட்டியிருக்கிறது. எந்த வழியில் இறக்கினாலும் டயர் மட்கார்டை நோக்கி அதே அளவு ஏறும். ஆகவே உங்கள் கணக்கு சேஸில் தொடங்காது, மட்கார்டின் அடிவயிற்றில் தொடங்கும்.

---

வயலெட்ப்ரைமர் எழுதியது:

நான் மாறுபடுகிறேன். மூக்கு நன்றாகக் குனிந்து பின்பக்கம் எழும்பி நின்றால்தான் அந்தக் காலத்து முறுக்கு வரும். 2 அங்குலம் 2½ அங்குலம் என்று இறக்கினால் அருங்காட்சியக வண்டி மாதிரி இருக்கும். 4 போடுங்கள், டயரைச் சின்னதாக்குங்கள். 5.60-15 போட்டால் இடிக்காது.

---

சான்ஹோசே_ஃபிளாட்ஹெட் எழுதியது:

டயரைச் சின்னதாக்கினால் இடிக்காது, சரி. ஆனால் மட்கார்டின் வாய் பெரிது. 1930, 31 மாடல் ஏ 19 அங்குல ரிம்முக்காக வரைந்த வளைவு அது. அதற்குள் குட்டி டயர் நின்றால் பெரிய சட்டைக்குள் சின்னப் பையன் நிற்கிற மாதிரி ஆகிவிடும். அதை மறைக்க இன்னும் இறக்கச் சொல்லும், இறக்கினால் இடிக்கும். மொட்டை வண்டியில் கண் சேஸின் கோட்டைப் பார்க்கும். மட்கார்டு வண்டியில் கண் டயருக்கும் தகட்டுக்கும் நடுவில் உள்ள பிறை வடிவ வெளியைத்தான் பார்க்கும். அந்தப் பிறை மேலும் பின்னும் ஒரே அகலமாக இருந்தால் வண்டி தானாக அழகாகிவிடும்.

முறுக்கு வேண்டும் என்கிற ஆசை எனக்கும் புரிகிறது. சான் டியாகோவில் எட் ஸ்டூவர்ட் என்பவர் ஃபோர்டு ஆக்ஸிலைச் சூடாக்கி இழுத்து இறக்கிக் கொடுத்து, 'ஆக்ஸில்' ஸ்டூவர்ட் என்றே பெயர் வாங்கியவர். அவர் ஆக்ஸில்களில் பல வறண்ட ஏரிப்படுகைப் பந்தயங்களில் ஓடிய மொட்டை ரோட்ஸ்டர்களுக்குப் போயின. அங்கே டயருக்கு மேலே ஆகாயம்தான்.

---

நாமக்கல்_பட்டறை எழுதியது:

தம்பி, எனக்கு உங்க ஃபோர்டு தெரியாது. 31 வருசமா லாரி முன் ஆக்ஸில் பாக்கறேன். லாரிக்கும் I வடிவ ஐ பீம்தான், கிங் பின்தான், கமான்தான். அதனால நாலு வார்த்தை சொல்றனுங்க.

பழைய ஆக்ஸில வளைக்கக் குடுக்கறதுக்கு முன்னாடியே கிங் பின் துளையப் பாருங்க. புது பின்ன எண்ணெய் தடவி விடுங்க. கட்டை விரலால அமுக்கினா இறங்கி, ஆட்டம் இல்லாம நிக்கோணும். பின்னு லொடலொடன்னு விழுந்தா துளை முட்டை வடிவமாயிருச்சுன்னு அர்த்தம். அத வளைச்சு முடிச்சப்பறம் கண்டுபுடிச்சா காசு வீண். பின்ன பூட்டற ஆணி உட்கார்ற இடமும் தேஞ்சிருக்கும், அதையும் பாத்துருங்க.

அப்பறம் கேஸ்டர், அதாவது கிங் பின் தலை பின்னாடி சாஞ்சிருக்கற கோணம். மூக்க இறக்கினீங்கன்னா வண்டி மொத்தமும் முன்னாடி சாயுது. கிங் பின்னோட தலையும் கூடவே முன்னாடி சாயும், கேஸ்டர் கொறையும். கேஸ்டர் கொறைஞ்சா ஸ்டீயரிங் நேரா வராது, வண்டி ரோட்டத் தேடிக்கிட்டே போகும். உங்க வண்டி வீல் பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல தூரம், எவ்வளவுங்க?

---

ஒஹாயோ_கூப்பே எழுதியது:

அண்ணே, ரொம்ப நன்றி. வீல் பேஸ் 103½ அங்குலம்.

---

நாமக்கல்_பட்டறை எழுதியது:

அப்ப பின்னாடி அப்படியே வெச்சுட்டு முன்னாடி மட்டும் 3 அங்குலம் இறக்கினா ஒன்றே முக்கால் டிகிரிக்குப் பக்கமா போயிருமுங்க. முதல்லயே அளந்து எழுதி வையுங்க. இறக்கினப்பறம் எதச் சரி பண்ணோணும்னு அப்பத்தான் தெரியும்.

---

மிச்சிகன்_டூல்ரூம் எழுதியது:

எஃகை அடித்து உருவாக்கும் அச்சு (ஃபோர்ஜிங் டை) இருபது வருஷம் செய்த கையால் எழுதுகிறேன்.

ஃபோர்டின் அசல் ஆக்ஸில் அடித்து உருவாக்கிய எஃகு. அடிக்கும்போது உள்ளே இருக்கும் இழை பீமின் நீளத்துக்கு ஓடி, முனையில் வளைவோடு சேர்ந்தே வளைகிறது. விபத்தில் அது முறுக்கிக்கொள்ளும், வளையும், பட்டென்று ஒடிவது அரிது. அதனால் நல்ல அசல் ஆக்ஸில் கையில் இருந்தால் என் ஓட்டு அதற்குத்தான்.

ஆனால் வளைப்பது என்றால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கிங் பின் தலைக்கும் கமான் உட்காரும் தலைக்கும் நடுவில் உள்ள கழுத்தைச் செம்மஞ்சளாகப் பழுக்கச் சூடேற்றி, சட்டத்தில் மாட்டிக் கீழே இழுக்கிறார்கள். எஃகு எங்கிருந்தும் புதிதாக வராது. கழுத்து நீளும்போது மெலியத்தான் வேண்டும். 2½, 3 அங்குலம்வரை அந்த மெலிவு பார்த்தால் தெரியும், பயம் தராது. அதற்கு மேல் இழுத்த சிலவற்றில் ஐ வடிவத்தின் விளிம்பு அலை அலையாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டது என் பிள்ளைகள் உட்காரும் வண்டிக்கு வேண்டாம்.

வேலை முடிந்து வந்ததும் கழுத்து இரண்டையும் காந்தத்தூள் சோதனைக்குக் கொடுங்கள். தலைமுடி அளவு வெடிப்பு இருந்தாலும் தூள் கோடாக ஒட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். குரோம் பூச ஆசைப்பட்டால், பூச்சுத் தொட்டியில் எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகும். பூசிய உடனே அடுப்பில் வைத்துச் சுட்டெடுக்கும் கடையாக இருக்க வேண்டும். நான் கறுப்பு பெயின்ட்தான் சொல்வேன், அடியில் வெடிப்பு வந்தாலும் கண்ணுக்குத் தெரியும். அழகுக்காகப் பீம் முழுக்க ஓட்டை போடுவதும் வேண்டாம்.

---

புதுசு_வண்டி எழுதியது:

குறுக்கே கேட்கிறேன், மன்னிக்கவும். குழாய் ஆக்ஸில் ஏன் கூடாது? 1937 முதல் 40 வரை ஃபோர்டே சின்ன 60 குதிரைசக்தி வி8 வண்டிக்குக் குழாய் ஆக்ஸில் போட்டதாகப் படித்தேன். எடை குறைவு, பார்க்கவும் அழகு.

---

சான்ஹோசே_ஃபிளாட்ஹெட் எழுதியது:

மன்னிப்பெல்லாம் எதற்கு தம்பி, கேட்க வேண்டிய கேள்விதான் இது.

ஃபோர்டு அந்தக் குழாய் ஆக்ஸிலைப் பூட்டியது பிரிக்காத விஷ்போனோடு. விஷ்போன் என்பது ஆக்ஸிலின் இரு முனையிலிருந்தும் பின்னோக்கி வந்து நடுவில் ஒரே உருண்டையில் சேரும் கவட்டை. வலது சக்கரம் மட்டும் மேட்டில் ஏறினால் கவட்டையும் ஆக்ஸிலும் ஒரே துண்டாக அந்த உருண்டையைச் சுற்றிச் சாயும். ஆக்ஸிலில் முறுக்கே விழாது.

ஹாட் ராட்காரர்கள் என்ன செய்கிறார்கள்? எண்ணெய்ச் சட்டி இடிக்கிறது என்று கவட்டையை நடுவில் வெட்டி, இரண்டு கையையும் தனித்தனியாகச் சேஸின் பக்கவாட்டில் பூட்டுகிறார்கள். இப்போது வலது சக்கரம் ஏறினால் வலது கை மட்டும் மேலே திரும்பும், இடது கை அசையாது. ஆக்ஸிலின் ஒரு முனை திரும்ப, மறு முனை திரும்ப மறுக்கும். ஐ பீம் அந்த முறுக்கைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். குழாய் வாங்காது, குழாயின் குணமே முறுக்கை எதிர்ப்பதுதான். அப்போது அந்த விசை எங்காவது போயாக வேண்டும். பட்டைப் போல்ட்டிலோ கையின் வெல்டிங்கிலோ போய் வெடிக்கும். எனவே வெட்டிய விஷ்போனுக்கும் ஹேர்பின் (கொண்டை ஊசி) வடிவத் தனிக் கைகளுக்கும் ஐ பீம் மட்டும். குழாய் வேண்டுமானால் பிரிக்காத கவட்டை, அல்லது இணையாக ஓடும் நாலு கம்பி அமைப்பு.

கூப்பேக்காரரே, உங்கள் விஷ்போன் வெட்டுப்பட்டதா?

---

ஒஹாயோ_கூப்பே எழுதியது:

வெட்டவில்லை. வெட்டச் சொல்லித்தான் எல்லாரும் சொன்னார்கள்.

---

சான்ஹோசே_ஃபிளாட்ஹெட் எழுதியது:

வெட்டாதீர்கள். 1932 முதல் 48 வரை ஃபோர்டே இந்த ஃபிளாட்ஹெட் எஞ்சினுக்கு அடியில் பிரிக்காத கவட்டையை ஓட்டியிருக்கிறது. உருண்டைக்கு ஒரு தாங்கி செய்தால் போதும். அந்தத் தாங்கியின் உயரம் உங்கள் கையில் இருப்பதால் நாமக்கல் அண்ணன் சொன்ன கேஸ்டரும் உங்கள் கையில் வந்துவிடும். உருண்டையைக் கீழே இறக்கினால் கிங் பின் தலை பின்னால் சாயும், கேஸ்டர் கூடும். 5 முதல் 7 டிகிரிக்குள் வையுங்கள்.

இன்னும் ஒன்று, அகலம். மட்கார்டு வண்டியில் இறக்கத்தை விட இதுதான் பலரைக் கவிழ்க்கிறது. டிஸ்க் பிரேக் போடுகிறவர்களுக்குச் சக்கரம் இரண்டு பக்கமும் வெளியே தள்ளும், டயர் மட்கார்டின் உதட்டுக்கு வந்துவிடும். அதற்காகவே புது ஆக்ஸில்களில் கிங் பின்னுக்குக் கிங் பின் 46, 47, 48 அங்குலம் என்று குறுக்கி விற்கிறார்கள். நீங்கள் ஃபோர்டு டிரம் என்பதால் அசல் அகலம் பெரும்பாலும் சரியாக வரும், ஆனாலும் உங்கள் டிரம், உங்கள் ரிம், உங்கள் டயரை வைத்தே அளந்துவிடுங்கள். புதிதாக வாங்குவதானால் பெர்ச் தலையின் (கமானும் விஷ்போனும் ஆக்ஸிலில் பூட்டும் இடம்) கனமும் பார்க்க வேண்டும். 2 அங்குலத்திலும் 2¼ அங்குலத்திலும் வருகிறது. விஷ்போனின் கவ்வு எதுவோ அதற்குத்தான் பொருந்தும்.

---

ஒஹாயோ_கூப்பே எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லாரும் சொன்னதை வைத்து, எதுவும் வாங்காமல் முதலில் அளந்துவிடலாம் என்று இறங்கினேன். செய்ததை விவரமாக எழுதுகிறேன், மட்கார்டு வைத்திருக்கும் வேறு யாருக்காவது உதவும்.

வண்டியை நான்கு தாங்கியில் நிறுத்தினேன். பழைய ஆக்ஸிலைக் கழற்றும் முன், கிங் பின் மேல் தலையிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் குறி போட்டேன், இரண்டு பக்கமும். பிறகு ஆக்ஸிலைக் கழற்றிவிட்டு, டிரம்மும் ரிம்மும் டயருமாக ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் மரச்சட்டத்தில் கட்டி, அதே குறிக்கு மேலே ஜாக்கியில் ஏற்றினேன். ஜாக்கியை ஏற்ற ஏற்ற 2 அங்குல டிராப், 2½, 3, 4 என்று எதை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு பைசா ஆக்ஸில் செலவு இல்லை.

ஓட்டத்தில் சக்கரம் மேலே வரும்போது என்ன ஆகும் என்பதுதான் முக்கியம். மனைவி சப்பாத்திக்குப் பிசைந்த மாவில் ஒரு கை எடுத்தேன். எலுமிச்சை அளவு உருண்டைகளாக்கி, மட்கார்டின் உள்பக்கம் உச்சியில் ஒன்று, பின் சரிவில் இரண்டு, தாங்குகம்பியின் போல்ட் தலை மேல் ஒன்று என்று ஒட்டினேன். டயரில் கொஞ்சம் கோதுமை மாவு தூவிவிட்டேன், ஒட்டாமல் இருக்க. ஒவ்வொரு டிராப் உயரத்திலிருந்தும் இன்னும் 3 அங்குலம் ஏற்றி, சக்கரத்தை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, பிறகு இறக்கி, நசுங்கிய மாவைக் கத்தியால் அறுத்து அளந்தேன்.

2½-ல் உச்சியில் மாவு முக்கால் அங்குலம் மிச்சம். போல்ட் தலை மேல் கால் அங்குலத்துக்குச் சற்று மேல். 3-ல் போல்ட் தலை மேல் மாவு அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. 4-ல் அந்த இடத்தில் மாவே இல்லை, டயரின் கோடுகள் தகட்டில் வெள்ளையாகப் பதிந்திருந்தன. நேராக நிற்கும்போது 4-லும் அழகாகத்தான் இருந்தது. வண்டியை நிறுத்திப் படம் மட்டும் எடுப்பதானால் 4 போதும். நான் இதில் ஊர் ஊராகப் போக வேண்டும்.

---

வயலெட்ப்ரைமர் எழுதியது:

மாவு வைத்துப் பார்த்தது பிரமாதம். நான் வாதத்தை விட்டுவிடுகிறேன். அந்தப் போல்ட்டை மட்டமான தலை உள்ளதாக மாற்றினால் 3 போகலாமே?

---

ஒஹாயோ_கூப்பே எழுதியது:

யோசித்தேன். போல்ட்டை மாற்றினால் 3 போகும். ஆனால் அசல் தகட்டில் துளையைக் குடைய வேண்டியிருக்கும், அதற்கு எனக்கு மனசில்லை. அசல் ஆக்ஸிலையே 2½ அங்குலம் இறக்கக் கொடுத்துவிட்டேன். கமானைத் தொடப்போவதில்லை. கண் திருப்பிய பட்டையும் சேர்த்துப் போட்டால் இன்னும் ஒரு அங்குலத்துக்கு மேல் போகும், மாவுக் கணக்கில் அது 3-ஐத் தாண்டிவிடும்.

---

நாமக்கல்_பட்டறை எழுதியது:

சரியான முடிவுங்க தம்பி. ரெண்டு முன்சக்கரத்தயும் இணைக்கற டை ராடப் பாத்தீங்களா? சக்கரம் மேல போனா ஸ்டீயரிங் ஆர்மும் கூடவே மேல போகும், கவட்டை கீழயே நிக்கும். ரெண்டும் உரசுமே.

---

ஒஹாயோ_கூப்பே எழுதியது:

அண்ணே, நீங்கள் எழுதியதைப் பார்த்துவிட்டுத்தான் போய்ப் பூட்டிப் பார்த்தேன். ஆக்ஸில் நேற்று வந்தது. காந்தத்தூள் சோதனையில் இரண்டு கழுத்தும் சுத்தம். டூல்ரூம் சார் சொன்ன அலை எதுவும் விளிம்பில் இல்லை, விரலால் தடவியும் பார்த்தேன். ஆனால் நீங்கள் சொன்ன மாதிரியே இடதுபக்கம் ஒடிக்கும்போது டை ராடு கவட்டையில் உரசுகிறது, பெயின்ட்டில் கோடு விழுந்துவிட்டது. வளைத்த ஆர்ம் இரண்டு வேண்டும் போலிருக்கிறது.

---

சான்ஹோசே_ஃபிளாட்ஹெட் எழுதியது:

ஆமாம், கீழ்நோக்கி இறக்கிய ஆர்ம் வேண்டும். டை ராடு கவட்டைக்கு அடியில் போக வேண்டும். ஆனால் எதுவுமே ரிம்மின் அடி விளிம்புக்குக் கீழே தொங்கக் கூடாது. டயர் வெடித்தாலும் வண்டி ரிம்மில் நிற்க வேண்டும், டை ராடில் அல்ல. ரிம்முக்கு ரிம் ஒரு நூல் கட்டிப் பார்த்துவிடுங்கள். உங்கள் எஃப்-1 பெட்டி பக்கவாட்டில் முன்னும் பின்னும் தள்ளும் வகை என்பதால் குறுக்குக் கம்பி தேவைப்படாது. குறுக்கே தள்ளும் பெட்டி என்றால் ஷாக்கிளில் (கமானைத் தாங்கும் ஊசல் இணைப்பு) வண்டி பக்கவாட்டில் ஆடுவதைத் தடுக்கப் பான்ஹார்ட் என்ற அந்தக் குறுக்குக் கம்பி கட்டாயம்.

---

ஒஹாயோ_கூப்பே எழுதியது:

ஆர்ம் வந்து பூட்டியாயிற்று. நூல் கட்டிப் பார்த்தேன், டை ராடு நூலுக்கு முக்கால் அங்குலம் மேலே இருக்கிறது. கேஸ்டர் இறக்கும் முன் 5½ இருந்தது, ஆக்ஸில் மாற்றியதும் 4-க்கு வந்தது. உருண்டைத் தாங்கிக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவில் தகடு வைத்து இறக்கியதும் 6. டோ-இன் (முன்சக்கரங்கள் முன்பக்கம் சற்று நெருங்கியிருப்பது) 1/8 அங்குலம்.

இன்று காலை பண்ணைச் சாலையில் 12 மைல் ஓட்டினேன். ரயில் தண்டவாளத்தைக் கடக்கும்போது ஜன்னலைத் திறந்து காதைக் கொடுத்துக் கேட்டேன், டயர் எங்கும் தொடவில்லை. கையை எடுத்தால் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வருகிறது. மட்கார்டுக்குள் இன்னும் காய்ந்த மாவு இரண்டு இடத்தில் ஒட்டியிருக்கிறது, அதைச் சுரண்டிவிட்டு நாளை வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுகிறேன்.